டப்பா மாறிப் போச்சு, மேடம்

— இல்ல செம்பியா, அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேளு.

— எதுக்கு சிந்துஜா? சும்மா ஒத்திகைக்குத்தான கேட்டேன். அதாவது, இன்னைக்கு வைவால எக்ஸாமினரா வர்ற மேடம் இதெல்லாம் கேக்க மாட்டாங்க. அடுத்ததுக்குப் போவோம்.

— கேளுன்றேன்ல.

— சரி. "மிஸ் சிந்துஜா, உங்க தீசிஸ் கடைசில ஒரு குட்டி கிராஃப் போட்டிருக்கீங்களே..."

— மச்சான், மிஸ் இல்ல, மிஸஸ். சர்ச்சுல மோதிரம் போட்ட புருஷன் குத்துக்கல்லு மாதிரி இங்க ஒக்காந்து வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

— சார்லஸ், நீ ரோட்டப் பாரு. செம்பியா, நீ சொல்லு.

— "பாலிமர சூடு பண்ணிக்கிட்டே போறீங்க. அறுபது டிகிரி கிட்ட கோடு தடால்னு கீழ வுழுதே, அது ஏன்?" அவ்ளோதான் கேள்வி. பாலிமர் உருகுது மேடம்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிடு.

— எது உருகுது?

— ரெண்டாம் டப்பா. மணல்ல ஒட்டுன பாலிமர். நம்ம ஹீரோ.

— மணல்ல ஒட்டுனது எப்பிடிடா உருகும்?

— ஏன், சூடு பண்ணா...

— செம்பியா. ஒறையவே முடியாதது எப்பிடி உருகும்?

— அய்யய்யோ.

— சார்லஸ், வண்டிய ஓரங்கட்டு.

— என்னா டாக்டரம்மா, வாந்தியா? இப்பத்தான் கடலூர் ஓ.டி.யே தாண்டியிருக்கோம். அந்தப் பொங்கல் வேணாம், எண்ணெ ஜாஸ்தின்னு அப்பவே சொன்னேன்.

— வாந்தி இல்ல. நிறுத்து.

— நிறுத்திட்டேன். யம்மா, ரெண்டு பேரு மூஞ்சியும் ஏன் கம்ப்ரெஸ்ஸர் வெடிச்ச மாதிரி இருக்கு? மச்சான், பின்னாடி அந்த ஏசி கேஸ் சிலிண்டர் மேல சாயாத. இன்னைக்கு ஒனக்கு ராசி சரியில்லன்னு தோணுது. சொல்லுங்க, என்னா ஆச்சு?

— ஒனக்குப் புரியாது சார்லஸ்.

— கல்யாணம் ஆனதுலேந்து புரியலதான். இன்னைக்காவது முயற்சி பண்றேன். ஏசிக்காரனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு.

— பாலிமர்னா நீள நீளமான சங்கிலி. சேமியா மாதிரின்னு வெச்சுக்க. பாயசத்துக்கு நடுவுல இருக்குற சேமியா நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். பாத்திரத்த ஒட்டி இருக்குறது?

— அடி புடிக்கும்.

— அந்த ஓரத்துச் சேமியா எவ்ளோ மெதுவா நெளியுதுன்னு பாக்குறதுதான் என் தீசிஸ்.

— இதுக்கா இவ்ளோ வருஷம்? ஒரு கரண்டி போதாது?

— கண்ணுக்குத் தெரியாத சேமியாய்யா அது. அதான் நியூட்ரான வுட்டு அடிக்கிறோம். சங்கிலில இருக்குற ஹைட்ரஜன்ல மோதி நியூட்ரான் தெறிக்கும். சங்கிலி ஆடிக்கிட்டு இருந்தா, தெறிக்கிற நியூட்ரானோட வேகம் லேசா மாறும். அத வெச்சு சங்கிலி எவ்ளோ வேகமா ஆடுதுன்னு கண்டுபுடிக்கலாம்.

— கேரம்போர்டு.

— சரி, கேரம்போர்டு. அதுக்கு ரியாக்டர் வேணும். அதுக்குத்தான் ஜெர்மனி போனேன்.

— தெரியும். சாக்லேட் வாங்கியாந்த. வெயில்ல உருகிப்போயி வந்துச்சு. அது மட்டும் ஏன் உருகுச்சுன்னு நான் கேக்கல பாரு.

— ரெண்டு அலுமினிய டப்பா எடுத்துட்டுப் போனேன். ஒண்ணுல வெறும் பாலிமர். ரெண்டாவதுல அதே பாலிமர், சிலிக்கா பொடில ஒட்டுனது. நைசான மணல்னு வெச்சுக்க. மணல்ல ஒட்டுன சங்கிலி மெதுவாத்தான் ஆடும்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. நான்தான், இல்ல, அதுவும் ஜாலியாத்தான் ஆடுது, ஓரம் நடுவுன்னு வித்தியாசமே இல்லன்னு கண்டுபுடிச்சேன்.

— தெரியுமே. அதுக்குத்தான பேப்பர் வந்துச்சு, ஒங்க கைடு ராஜமாணிக்கம் சார் கேக் வெட்டுனாரு. எனக்கு முந்திரி இல்லாத துண்டு குடுத்தாரு.

— அது மணல் டப்பாவே இல்ல, சார்லஸ்.

— பின்ன?

— வெறும் பாலிமர ஆற வுட்டா வரிசையா அடுக்குன மாதிரி ஒறைஞ்சு நிக்கும். சூடு பண்ணா அறுபதுல தடால்னு உருகும். மணல்ல ஒட்டிக்கிட்டதுக்கு வரிசைல நிக்கவே வழியில்ல. அதனால அது உருகவும் உருகாது. ஆனா நம்ம ரெண்டாம் டப்பா ஜம்முன்னு உருகியிருக்கு. டப்பா மாறிப் போச்சு.

— அதாவது சார்லஸ் அண்ணே, அடி புடிச்ச சேமியாவ ஆராய்ச்சி பண்றேன்னு ஜெர்மனிக்குப் போயி, டம்ளர்ல இருந்த சேமியாவப் பாத்துட்டு வந்து, "ஆகா, இதுல அடியே புடிக்கல"ன்னு ஒலகத்துக்கே சொல்லிட்டோம்.

— நான் சிரிக்கலாமா?

— சிரிக்காத.

— சிரிக்கல.

— சிரிக்கிற. தோளு குலுங்குது.

— சாரி. எப்பிடிம்மா மாறுச்சு?

— காய வெக்க ஓவன்ல வெச்சேன். சூட்டுல ரெண்டு லேபிளும் உரிஞ்சு வுழுந்துடுச்சு. ராத்திரி ஃப்ளைட்ல தூங்காமப் போயி எறங்கியிருந்தேன். நான்தான் எடுத்துத் திரும்ப ஒட்டுனேன். இந்தக் கையாலதான் ஒட்டுனேன்.

— அழுவாதடி. மச்சான், ஒரு சந்தேகம். நீ தனியா கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தல்ல? அதுலயும் ஜாலியா ஆடுதுன்னுதான வந்துச்சு? கம்ப்யூட்டர்லயும் டப்பா மாறுமா?

— கம்ப்யூட்டர்ல டப்பா கெடையாதுண்ணே.

— பின்ன எப்பிடி ஒத்துப்போச்சு?

— அதாவது... மொதல்ல ஒத்துப்போகல. நான் சங்கிலிய உருவாக்கி, ஒரு செவுத்த வெச்சு, ஓட வுட்டேன். சங்கிலி செவுத்துல அட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு மெதுவாத்தான் ஆடுச்சு. சார் கிட்ட காட்டுனேன். "சிம்பிளா சொல்றேன்ப்பா, நியூட்ரான் பொய் சொல்லாது, சிந்துஜா பொய் சொல்ல மாட்டா, மிச்சம் நீதான்"ன்னாரு. செவுத்துல எவ்ளோ பசைன்னு ஒரு நம்பர் குடுக்கணும். அதக் கொறன்னாரு. கொறச்சேன். பத்தல. இன்னும் கொறச்சேன்.

— எதுவரைக்கும்?

— செவுரு ஒண்ணு இருக்குறதே சங்கிலிக்குத் தெரியாத வரைக்கும்.

— கடவுளே. செவுரே இல்லாத எடத்துல செவுத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணி நீ டாக்டர் ஆயிட்டியா?

— போன வருஷம். அங்கி போட்டுக்கிட்டு. திட்டக்குடில எங்க அப்பா அந்த ஃபோட்டோவ டீவிக்கு மேல மாட்டி வெச்சுருக்காரு. யாரு வந்து சீரியல் பாத்தாலும் என்னையும் சேத்துதான் பாக்கணும்.

— செம்பியா, அந்தப் பழைய ரன் இருக்கா?

— எது?

— சார் கொறைக்கச் சொல்றதுக்கு முன்னாடி ஓட்டுனது. பசையோட.

— ஹார்ட் டிஸ்க்ல எங்கயாவது கெடக்கும். வெக்கமா இருந்துச்சுன்னு "குப்பை"ன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சேன்.

— எடு. லேப்டாப்ப இப்பிடிக் குடு. சார்லஸ், வண்டிய எடு, நேரமாகுது.

— நிறுத்துன்ற, எடுன்ற. இதுக்கு நான் டவுன் பஸ்ஸே ஓட்டியிருக்கலாம்.

— சிந்துஜா, பழைய ரன்ன எதோட ஒப்பிடப் போற?

— ஒண்ணாம் டப்பாவோட. அதான வெறும் பாலிமர்னு நெனச்சோம், அது கோந்து மாதிரி மெதுவா வந்துச்சு, டேட்டா கெட்டுப் போச்சுன்னு சார் தூக்கி ஓரமாப் போட்டாரு. வெறும் பாலிமருக்குத்தான் புஸ்தகத்துலயே நம்பர் இருக்கே, அதப் போட்டுக்கன்னாரு. டப்பா மாறியிருந்தா, அந்தக் கெட்டுப்போன டேட்டாதான் நெஜமான மணல் டேட்டா.

— அது கெடைக்குமா இப்ப?

— எங்கிட்ட இருக்கு. நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன்.

— அது வாஸ்தவம் மச்சான். வீட்ல ஷாம்பு டப்பா கூட தண்ணி ஊத்தி வெச்சுருப்பா.

— சார்லஸ், பேசாத. செம்பியா, இது ஒன்னோட கோடு, சிவப்பு. என்னோடது புள்ளி புள்ளியா நீலம். ஒண்ணு மேல ஒண்ணு போடுறேன். பொறு. பொறு... ஹா!

— அடியே, கத்தாத! ஆட்டு மேல வுட்டுருப்பேன்!

— செம்பியா, பாருடா! பாரு! ஒரு புள்ளி வெலகலடா! ஒரு நம்பரத் தொடல, ஒண்ணத்தையும் மாத்தல, அப்பிடியே ஒக்காருது! இந்தக் கடைசி வரைக்கும் பாரு! எவ்ளோ அழகா இருக்கு! ஹஹ்ஹா! நீ சரியாத்தான் பண்ணியிருக்கடா லூசு! மொத தடவையே சரியாப் பண்ணியிருக்க!

— குடு, பாக்குறேன்... ஆமா. அதாவது... ஆமா. அய்யோ, ஆமா சிந்துஜா.

— சார்லஸ், இங்க பாரேன்! இந்தக் கோட்டப் பாரேன்!

— ஓட்டும்போது எப்பிடிம்மா பாப்பேன்? சரி, பாத்துட்டேன். கோடு. நல்லா இருக்கு. வளைஞ்சு இருக்கு. நீ என் தோள அடிக்கிறத நிறுத்து.

— இந்த வேலைல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இப்பிடி இருக்கும்னு யாரும் சொல்லலடா எனக்கு!

— சரி, அப்ப நல்ல சேதிதான? இதப் போயி சொல்லிட வேண்டியதுதான? மத்தியானத்துக்கு பிரியாணி ஆர்டர் பண்ண கையோட கேக்கும் சொல்லிடவா?

— தீசிஸ்ல இதுக்கு நேர்மாறாத்தான் எழுதியிருக்கேன், சார்லஸ். இதச் சொன்னா தீசிஸ் போச்சு. அந்தப் பேப்பர் போச்சு.

— என்னோடதும் போச்சுண்ணே. அதாவது, என்னோடது ஏற்கனவே குடுத்த பட்டம். அந்தப் பட்டத்த வெச்சுத்தான் காலேஜ்ல வேலைல சேந்துருக்கேன். நான் இன்னும் பர்மனெண்ட் ஆகல. சிந்துஜா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காத.

— சொல்லு.

— இன்னைக்கு வேணாம். அந்தக் கேள்விய நாந்தான கேட்டேன்? நான் கேக்கலன்னு வெச்சுக்க. பட்டத்த வாங்கு. அப்பறமா மெதுவா, நாமளே திருத்தம்னு ஒண்ணு எழுதி அனுப்பலாம்.

— எப்ப?

— அப்பறம்.

— அப்பறம்னா எப்ப செம்பியா?

— எங்க அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சு எவ்ளோ நாளாச்சுன்னு ஒனக்கே தெரியும். அந்த ஃபோட்டோவ எறக்குன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?

— ...பொறு, சார்தான் கூப்புடுறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன். ஹலோ சார், நானே கூப்புட இருந்தேன். ஒரு விஷயம் சார். டப்பா மாறிப் போச்சு.

— என்ன டப்பாம்மா? சாம்பார் டப்பாவா? பெங்களூர்லேந்து காயத்ரி மேடம் வந்தாச்சு, எதுத்தாப்புல ஒக்காந்து இட்லி சாப்புடுறாங்க. எங்க இருக்கே?

— புதுச்சத்திரம் தாண்டிட்டோம் சார். சாம்பார் டப்பா இல்ல சார், சாம்பிள் டப்பா. ஜெர்மனில ஓட்டுனது. ரெண்டும் மாறிப் போச்சு. ரெண்டாம் டப்பா வெறும் பாலிமர் சார்.

— ...மேடம், ஒரு நிமிஷம், டவர் கெடைக்கல, வெளில போயி பேசிட்டு வரேன்... என்னம்மா சொல்றே?

— அறுபது டிகிரில உருகுது சார். நம்ம யாருமே கவனிக்கல.

— சிம்பிளா சொல்றேன். இத யாருகிட்ட சொன்னே?

— செம்பியனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

— ஒன் வீட்டுக்காரருக்குப் புரிஞ்சுதா?

— கேரம்போர்டு வரைக்கும் புரிஞ்சுது சார்!

— சார்லஸ், சும்மா இரு. சார், நான் என்ன பண்ணட்டும்?

— சிம்பிளா சொல்றேன்மா. இன்னைக்கு ஒனக்கு வைவா. வர்ற, ஸ்லைடு போடுற, கேட்டதுக்குப் பதில் சொல்ற, கேக்காததுக்குப் பதில் சொல்லாத. பட்டம் வாங்கு. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம். நாளைக்குன்னா நாளைக்கில்ல, பின்னால. அந்த மேடம் நம்ம பேப்பர எவ்ளோ புகழுறாங்க தெரியுமா? வெக்கிறேன்.

— வெச்சுட்டாரு.

— சிந்துஜா...

— தெரியும் செம்பியா. வுடு. சொல்லல.

— சாரி.

— நீ ஏன் சாரி சொல்ற? லேபிள ஒட்டுனது நான். எனக்காக மாத்துனவன் நீ. நான் இப்ப வாயத் தொறந்தா வேலை போறது ஒனக்கு. சொல்லல, அவ்ளோதான். சார்லஸ், நீயும் அங்க வந்து வாயே தொறக்கக் கூடாது. கடைசி வரிசைல ஒக்காரு. எங்கயாவது போயி "சேமியா"ன்னு சொன்னே, வீட்டுக்கு வராத.

— நான் ஏம்மா பேசப் போறேன்? எனக்குப் பிரியாணி வந்துச்சான்னு பாக்கவே நேரம் பத்தாது. இந்தா, வெள்ளாத்துப் பாலம் வந்தாச்சு. கண்ணத் தொடச்சுக்க.

*

— காயத்ரி மேடம், கேண்டிடேட் முடிச்சுட்டாங்க. சிம்பிளா சொல்றேன், பத்து வருஷத்துல எங்க டிபார்ட்மெண்ட்ல இந்த மாதிரி ஒரு வேலை நடந்ததில்ல. மேடத்துக்கு வேற கேள்வி இல்லன்னா...

— இல்ல, ராஜமாணிக்கம் சார். தேங்க் யூ சிந்துஜா. நல்லா ப்ரசன்ட் பண்ணீங்க. கொஞ்சம் டல்லா இருந்தீங்க, பரவால்ல, டென்ஷன் இருக்கும். உங்க பேப்பர் எங்க லேப்ல எல்லாருக்கும் மனப்பாடம். நான்தான் படிக்க வெச்சேன்.

— தேங்க்ஸ் மேடம்.

— ரூல் படி ஒண்ணு கேக்கணும். இது பப்ளிக் வைவா. ஆடியன்ஸ்ல யாருக்காவது கேள்வி இருக்கா?

— இல்ல மேடம், யாருக்கும் இல்ல. லஞ்ச் ஆறிடும்.

— மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா?

— சார்லஸ், உக்காரு.

— கேக்கட்டும் சிந்துஜா. சார், நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?

— ஏசி சர்வீஸ் மேடம். கடலூர் மஞ்சக்குப்பம். கேண்டிடேட்டோட புருஷன்.

— ஓ! ரொம்ப நல்லது. கேளுங்க.

— மேடம், சிம்பிளா சொல்றேன், இதெல்லாம் மரபு இல்ல...

— சார், பப்ளிக்னா பப்ளிக்தான். நீங்க கேளுங்க மிஸ்டர் சார்லஸ்.

— ஒங்கள இல்ல மேடம், இவள. ஏம்மா, நான் பேச மாட்டேன்னுதான் சொன்னேன். பேசாமத்தான் ஒக்காந்துருந்தேன். முடியல. கல்யாணம் ஆனதுலேந்து இந்தப் பாலிமர வெச்சு நீ அழுது பாத்துருக்கேன். தூங்காம ஒக்காந்து பாத்துருக்கேன். சாப்புடற தட்ட தள்ளி வுட்டு எழுந்து போயி பாத்துருக்கேன். சிரிச்சு ஒரு நாளும் பாத்ததில்ல. இன்னைக்கு வண்டில வரும்போது ஒரு கோட்டப் பாத்துட்டு சிரிச்ச பாரு, என் தோளு இன்னும் வலிக்குது. இங்க வந்து இவ்ளோ நேரம் கோடு கோடாக் காட்டுன. ஒரு கோட்டையும் நீ திரும்பிக் கூடப் பாக்கல, செவுத்தப் பாத்து ஒப்பிச்ச. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அந்தக் கோடு எங்க?

— என்ன கோடு, சிந்துஜா?

— மேடம், அவருக்கு சப்ஜெக்ட் தெரியாது...

— நான் சிந்துஜா கிட்ட கேட்டேன், ராஜமாணிக்கம் சார்.

— ...செம்பியா.

— ...காட்டு சிந்துஜா.

— வேணாம்டா.

— காட்டு. அதாவது... பரவால்ல. காட்டு.

— மேடம், டப்பா மாறிப் போச்சு.

— எக்ஸ்க்யூஸ் மி?

— ரெண்டு சாம்பிள் டப்பாவுக்கும் லேபிள மாத்தி ஒட்டிட்டேன். நான்தான் ஒட்டுனேன். மணல்ல ஒட்டுன பாலிமர்னு நான் பேப்பர்ல போட்டது வெறும் பாலிமர். கடைசில இருக்குற குட்டி கிராஃப்பப் பாருங்க மேடம், அறுபது டிகிரில உருகுது. மணல்ல ஒட்டியிருந்தா உருகாது. இன்னைக்குக் காலைலதான் எனக்கே தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லாமத்தான் ஒங்க முன்னாடி நின்னேன்.

— தீசிஸ குடுங்க... எந்தப் பக்கம்? ஆ. இது. ஆமா, இறங்குது. இத நான் படிச்சேன். படிச்சும் பாக்கல. அப்ப சிமுலேஷன் எப்பிடி ஒத்துப்போச்சு?

— மேடம், அது நான். செம்பியன். அதாவது, அது தானா ஒத்துப்போகல. ஒத்துப்போற வரைக்கும் செவுத்துப் பசைய நான்தான் கொறச்சேன். அந்த தீசிஸுக்குத்தான் எனக்குப் போன வருஷம் பட்டம் குடுத்தாங்க.

— கொறைக்கச் சொன்னது யாரு?

— ...கொறச்சது என் கை மேடம்.

— சிம்பிளா சொல்றேன் மேடம், அந்த நேரத்துல எங்களுக்கு டேட்டா மேல நம்பிக்கை ஜாஸ்தி...

— ஒரு நிமிஷம் சார். சிந்துஜா, வண்டில பாத்தது எது?

— இது மேடம். செம்பியன் மொதல்ல ஓட்டுன சிமுலேஷன், ஒரு நம்பரும் தொடாதது. இது கெட்டுப்போச்சுன்னு நாங்க ஓரங்கட்டுன டப்பா. ஒண்ணு மேல ஒண்ணு போட்டிருக்கேன். ஓரத்துச் சங்கிலி மெதுவாத்தான் ஆடுது மேடம். எல்லாரும் சொன்னதுதான் சரி. எவ்ளோ மெதுவான்னு மட்டும் இதுக்கு முன்னாடி யாரும் இவ்ளோ சுத்தமா அளந்ததில்லன்னு நெனைக்கிறேன். சாரி, அந்தப் பேச்சு இப்ப எனக்கு எதுக்கு?

— பெருசு பண்ணுங்க. அந்த வளைவு... அந்தக் கடைசிப் பக்கம். ஆமா. அதேதான்.

— மேடம், தண்ணி குடிங்க. ஏம்மா, அந்த பாட்டில எடு.

— ஐ ஆம் ஆல்ரைட். உக்காருங்க எல்லாரும். ஏன் நிக்கிறீங்க?

— மேடம், எனக்குப் பட்டம் கெடையாதுன்னு புரியுது. செம்பியனோடத மட்டும் கொஞ்சம்...

— சிந்துஜா, என் லேப்ல ஸ்ரீமதின்னு ஒரு பொண்ணு இருந்தா. இதே பாலிமர், இதே சிலிக்கா. நியூட்ரான் இல்ல, வேற மெத்தட். அவளுக்கு இந்த வளைவுதான் வந்துச்சு.

— நெஜமாவா மேடம்? அவுங்க பேப்பர நான் பாத்ததே இல்லயே.

— பேப்பரா வர நான் வுடல. உங்க பேப்பர எடுத்து அவ முன்னாடி போட்டேன். "நியூட்ரானும் சிமுலேஷனும் கை கோத்துக்கிட்டு நிக்குது, நீ எங்கயோ சொதப்பியிருக்க, திரும்பப் பண்ணு"ன்னேன். திரும்பப் பண்ணா. இதேதான் வந்துச்சு. திரும்பத் திட்டுனேன். லேப் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட்டேன், ஒனக்கு அளக்கத் தெரியுமா தெரியாதான்னு. எனக்குத் தெரியலைன்னு நெனைக்கிறேன் மேடம்னு சொன்னா. மறுநாள் ஐடி கார்ட என் டேபிள்ல வெச்சுட்டுப் போயிட்டா.

— இப்ப எங்க இருக்காங்க மேடம்?

— ஊர்ல. ஒரு ஜெராக்ஸ் கடைல இருக்கான்னு கேள்விப்பட்டேன். ரெண்டு தடவ போன் பண்ணேன், எடுக்கல. அதோட வுட்டுட்டேன். இந்தப் பக்கம்தான்னு சொல்லுவா. மங்கலம்பேட்டை.

— மேடம், சிம்பிளா சொல்றேன், இதப் பின்னால பேசிக்கலாம். ரிசல்ட்டுல இப்ப என்ன எழுதுறது?

— சிந்துஜா ரெண்டு அத்தியாயத்தத் திருத்தி எழுதிட்டு இன்னொரு தடவ இங்க வந்து நிக்கட்டும்னு எழுதுங்க. செம்பியன் விஷயத்துல அவரோட மொத சிமுலேஷன்தான் சரின்னு நானே ஒங்க யுனிவர்சிட்டிக்கு எழுதுறேன், அவுங்க என்ன முடிவு பண்றாங்களோ பண்ணட்டும். பேப்பர வாபஸ் வாங்கணும், அதுக்கு நீங்களும் கையெழுத்துப் போடணும் சார். மிஸ்டர் சார்லஸ், மங்கலம்பேட்டை இங்கேந்து எவ்ளோ தூரம்?

— விருத்தாசலம் தாண்டி மேடம். இப்பக் கெளம்புனா சாயங்காலத்துக்குள்ள போயிட்டுத் திரும்பிடலாம். ஆனா மேடம், தப்பா நெனைக்காதீங்க, அந்தப் பொண்ணு ஒங்களப் பாத்தா கடை ஷட்டர எறக்கிடும்.

— எறக்கும். நியாயம்தான். அதனால நான் பின்னாடி நின்னுக்குறேன். சிந்துஜா, அந்த லேப்டாப்ப மூடாதீங்க, அப்பிடியே எடுத்துட்டு வாங்க. அவளுக்கு அளக்கத் தெரியும்னு நீங்க போயி சொல்லுங்க, நான் சொன்னா இனிமே அவ நம்ப மாட்டா.